மீனுக்கு ஒரு கடை, மிளகாய்த்தூளுக்கு ஒரு கடை: ஸ்காபரோவில் கிழமைச் சாமான் எங்கே வாங்குவது?

“அக்கா, மீனுக்கு ஒரு கடை, மரக்கறிக்கு ஒரு கடை, அரிசிக்கு ஒரு கடை எண்டு அலையேலாது. ஒரு கடையைச் சொல்லுங்கோ, நான் அங்கயே போறன்.”

போன மாதம் ஒரு வாசகி இப்படி எழுதியிருந்தார். டொரொன்டோவின் கிழக்கில், ஸ்காபரோவின் மக்கவன் வீதிக்குப் பக்கத்தில் ஒரு பேஸ்மென்டில் குடியிருக்கிறார்கள். கைக்குழந்தை ஒன்று. கார் ஒன்று இருக்கிறது, அதைக் கணவர் வேலைக்குக் கொண்டு போய்விடுவார். புதிதாக வந்த மாணவர்கள் இரண்டு பேரும், ஊரிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டு வைத்திருக்கும் ஒருவரும் கிட்டத்தட்ட இதையே கேட்டிருக்கிறார்கள். பெரிய ஆசிய சுப்பர்மார்க்கெட்டா, தமிழ்க் கடையா, நோ ஃபிரில்ஸ் மாதிரியான மலிவுக் கடையா?

இருபது வருடத்துக்கு மேலாக இந்த மூன்றுக்கும் நடந்தவள் நான். ஒரே கடையைச் சொல்ல என்னால் முடியாது. எந்தக் கடைக்கு எதற்காக, மாதத்தில் எத்தனை தரம் போகலாம் என்று சொல்ல முடியும்.

## எதை வைத்து அளப்பது

கடையைப் பார்க்க முதல் உங்கள் குசினியைப் பாருங்கள். போன இரண்டு கிழமையில் என்ன சமைத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மீன் எத்தனை நாள், இறைச்சி எத்தனை நாள், கீரை எத்தனை நாள், பிட்டும் இடியப்பமும் எத்தனை நாள், பாணும் முட்டையுமாகச் சமாளித்தது எத்தனை நாள். விலைப் பட்டியலைவிட இந்தத் தாள்தான் கடையைத் தீர்மானிக்கும். கிழமையில் மூன்று நாள் மீன் சமைக்கிற வீட்டுக்கும், வெள்ளி செவ்வாய் சைவமாக இருந்து ஞாயிறு ஆட்டிறைச்சி காய்ச்சுகிற வீட்டுக்கும் ஒரே பதில் பொருந்தாது.

அடுத்தது விலை. இங்கே மரக்கறிக்கும் மீனுக்கும் பெரிய எழுத்தில் போட்டிருப்பது றாத்தல் விலை. கிலோ விலை கீழே பொடி எழுத்தில் கிடக்கும். றாத்தல் 3.99 டொலர் என்றால் கிலோ 8.80 டொலர். ஒரு கடையில் றாத்தல் கணக்கு, இன்னொரு கடையில் கட்டுக் கணக்கு, சமைத்த சாப்பாட்டுப் பக்கம் 100 கிராம் கணக்கு. கியூபெக் மாகாணத்தில் பெரிய கடைகள் அலகு விலையைக் காட்டவேண்டும் என்று சட்டம் உண்டு. இங்கே ஒன்ராறியோவில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே போனில் கல்குலேட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு நடக்க வெட்கப்படாதீர்கள்.

போய்வரும் நேரம், சுமை, சைவம், விரதம், ஹலால் இவையெல்லாம் உங்களுக்கே தெரியும். யாரும் கணக்கில் எடுக்காதது ஒன்று இருக்கிறது: பட்டியலில் இல்லாமல் வீட்டுக்கு வந்து சேருகிற சாமான். என் வீட்டுக் கணக்கில் அதுதான் முதலாவது செலவு.

## பெரிய ஆசிய சுப்பர்மார்க்கெட்

உதாரணத்துக்கு ஃபிஞ்சும் மக்கவனும் சந்திக்கிற இடத்தில், வூட்சைட் ஸ்குவெயருக்குள் இருக்கும் ரி அன்ட் ரியை எடுக்கிறேன். சுற்றுவட்டம் முழுக்கத் தமிழ்ச் சனம் இருக்கிற இடம். கடைக்குள் பத்து நிமிடம் நின்றால் இரண்டு தெரிந்த முகமாவது தட்டுப்படும்.

இந்த நிறுவனத்தை 1993இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் பேர்ணபி நகரில் சின்டி லீ என்பவர் தொடங்கினார். 2009இல் லொப்லோ என்ற பெரிய மளிகை நிறுவனம் இதை ஏறத்தாழ 22.5 கோடி டொலருக்கு வாங்குவதாக அறிவித்தது. நோ ஃபிரில்ஸும் லொப்லோவுடையதுதான். “சீனன் கடையில விலை கூட, நான் நோ ஃபிரில்ஸுக்கே போறன்” என்று கோபித்துக்கொண்டு போகிறவர்களின் காசும் அதே பையில்தான் விழுகிறது.

சீனக் கடைக்கும் எங்களுக்கும் உள்ள உறவு நேற்றையது இல்லை. ஏஜின்கோட்டில் கிளென் வட்ஃபோர்ட் டிரைவில் இருந்த உருளைச் சறுக்கு மண்டபம் ஒன்றை டிராகன் சென்ரர் என்ற சீன அங்காடியாக மாற்றியது 1984இல். வாகன நெரிசல், பார்க்கிங் என்று அயலவர்கள் கூட்டம் கூட்டி எதிர்த்தார்கள். அதற்கு முந்திய வருடம் இலங்கையில் யூலைக் கலவரம். அதன்பிறகு எங்கள் ஆட்கள் வரத் தொடங்கியதும் இதே ஸ்காபரோவுக்குத்தான். தமிழ்க் கடைகள் கைவிரல்விட்டு எண்ணக்கூடியதாக இருந்த அந்த நாளில் கணவாய்க்கும் கங்குனுக்கும் சீனக் கடைதான் கதி என்று பழையவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.

சரி, இன்றைக்கு அங்கே எதற்குப் போக வேண்டும்? மீனுக்கு.

மீன் பக்கத்தில் தொட்டிகளில் திலாப்பியாவும் வேறு மீன்களும் உயிரோடு நீந்தும். நண்டும் சிங்க இறாலும் இன்னொரு தொட்டியில். பனிக்கட்டி மேல் வாவல், கொடுவா இன மீன்கள், கணவாய், சில நாளில் அதிர்ஷ்டம் இருந்தால் ஓரா. கவுண்டருக்கு மேலே ஒரு பலகை தொங்கும்: செதிள் மட்டும் எடுப்பதற்கு ஒரு இலக்கம், குடலும் செவுளும் எடுப்பதற்கு ஒன்று, துண்டு போடுவதற்கு ஒன்று. மீனைக் காட்டி இலக்கத்தைச் சொன்னால் போதும், பாஷை தேவையில்லை. றப்பர் ஏப்ரன் கட்டினவர் மீனைத் தூக்கிக் காட்டி, தலையில் கையை வைத்து உங்களைப் பார்ப்பார். தலை வேண்டுமா என்று கேட்கிறார். உடனே தலையாட்டுங்கள். யோசித்துக்கொண்டு நின்றால் தலை குப்பைக்குப் போய்விடும், சொதிக்கு ஒன்றும் மிஞ்சாது. செட்டை வெட்டச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். துண்டின் தடிப்பை இரண்டு விரலால் காட்டுங்கள். அவர்கள் வெட்டுகிற தடிப்பு எங்கள் குழம்புக்குக் கொஞ்சம் கூட.

ஆனால் காசு கொடுப்பது முழு மீனின் நிறைக்கு. ஒருநாள் வீட்டில் நிறுத்துப் பார்த்தேன்: பற்றுச்சீட்டில் 2.3 றாத்தல், கழுவிச் சட்டிக்குள் போட்டது 1.6 றாத்தல், அதுவும் தலையோடு. தமிழ்க் கடையில் துண்டு போட்ட அறக்குளாவின் றாத்தல் விலையை இதோடு ஒப்பிடுகிறவர்கள் இந்த இடைவெளியைக் கணக்கில் சேர்க்க வேண்டும். உறைய வைத்த இறால் வாங்கும்போது பெட்டியில் 31/40 என்று இருந்தால் றாத்தலுக்கு 31 முதல் 40 இறால் என்று அர்த்தம். இலக்கம் சிறுத்தால் இறால் பெருக்கும், விலையும் ஏறும். பிரட்டலுக்கு 31/40 தாராளம்.

இரண்டாவது காரணம் கீரை. கங்குன் ஒரு பெரிய கட்டாக வரும், வதக்கினால் ஒரு பிடி. நடுவில் சிவப்புப் படர்ந்த கீரை ஒன்று இருக்கிறது, எங்கள் தண்டுக்கீரையின் சொந்தம்தான். பருப்போடு கடைந்தால் சட்டி முழுக்க இளஞ்சிவப்பாகிவிடும், ருசியில் குறையில்லை, பிள்ளைகளும் ஆசையாகச் சாப்பிடும். பீர்க்கங்காய், நீற்றுப் பூசணி, முள்ளங்கி, நீளப் பயத்தங்காய், தாமரைக் கிழங்கு எல்லாம் உண்டு. யப்பான் பூசணி என்று விற்கிற பச்சைத் தோல் பூசணியைத் தோலோடு வெட்டிப் பால்க்கறி வையுங்கள். ஊர்ப் பூசணியைத் தேடமாட்டீர்கள். பாகற்காயில் மட்டும் ஏமாறக் கூடாது. அங்கே கிடைப்பது வெளிறின, மொழுமொழுவென்ற பெரிய காய், கசப்பு குறைவு, தண்ணீர் கூட. பொரித்துச் சம்பல் போட்டால் முறுகாது. அதற்கு முள்ளுமுள்ளான சின்னப் பாகற்காய் வேண்டும், அது தமிழ்க் கடையில்.

இனி, பெயரைப் பார்த்து மயங்கக் கூடாத மூன்று சாமான்.

ஒன்று, அரிசி மா. மூன்று தலை யானைப் படம் போட்ட தாய்லாந்து மாப் பை. சிவப்பு எழுத்தில் இருப்பது சாதாரண அரிசி மா, பச்சை எழுத்தில் இருப்பது ஒட்டரிசி மா. வந்த புதிதில் நான் பச்சையைத் தூக்கிக்கொண்டு வந்து இடியப்பம் பிழியப் போனேன். உரலிலிருந்து இறங்கியது இழை இல்லை, பசை. தட்டில் ஒன்றோடொன்று ஒட்டி, அவித்து எடுத்தபோது கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. மாமியார் ஒன்றும் பேசாமல் பாண் வெட்டத் தொடங்கினார்.

இரண்டு, எள்ளெண்ணெய். சீனக் கடையில் போத்தலில் இருப்பது வறுத்த எள்ளில் எடுத்தது. இறக்கி வைத்த பிறகு இரண்டு துளி விடுவதற்கானது. அதைத் தாச்சியில் ஊற்றிக் கத்தரிக்காய் பொரித்தால் அன்றைக்கு முழுக்க வீட்டில் புகைந்த எள்ளு வாசம்தான். நல்லெண்ணெய் வேறு சாதி.

மூன்று, கறுவா. அங்கே விற்பது அநேகமாகக் காசியா: தடித்த, கடினமான ஒற்றைச் சுருள். எங்கள் கறுவா சுருட்டு இலை மாதிரி மெல்லிய பட்டைகள் பல அடுக்காகச் சுருண்டிருக்கும், விரலால் நொறுக்கலாம். பால்ச் சோற்றுக்கு இரண்டும் ஒன்றில்லை.

மறைந்திருக்கிற செலவுக்கு வருவோம். அடிப்படை உணவுப் பொருளுக்கு ஒன்ராறியோவில் விற்பனை வரி இல்லை. அரிசி, மீன், மரக்கறி, பால், முட்டை எதற்கும் இல்லை. சிப்ஸ், சோடா, மிட்டாய்க்கு 13% உண்டு. சூடாக வாங்குகிற சாப்பாடு 4 டொலரைத் தாண்டினால் அதே 13%. சுப்பர்மார்க்கெட்டின் முன்பக்கம் முழுக்க இந்த வரி விழுகிற சாமான்தான். பொரித்த கோழி, நூடில்ஸ், குமிழி ரீ. பசியோடு போனால் கதை முடிந்தது. முட்டைத் தாட் வாங்குகிறவர்களுக்கு ஒரு சின்னத் தகவல்: இப்படிப்பட்ட இனிப்புப் பேஸ்ரி ஐந்து வாங்கினால் வரி உண்டு, ஆறாக வாங்கினால் இல்லை. அதற்காக ஆறையும் வாங்கி காருக்குள் இருந்து சாப்பிடுவது என் பழக்கம். உங்களுக்குச் சிபாரிசு செய்யவில்லை.

ஞாயிறு மத்தியானம் பார்க்கிங்கில் இடம் தேடி மூன்று சுற்றுச் சுற்றுவதும், மீன் கவுண்டரில் இருபது பேருக்குப் பின்னால் நிற்பதும் செலவுதான். செவ்வாய், புதன் காலையில் போய்ப் பாருங்கள், அதே கடையா என்று இருக்கும்.

சைவக்காரருக்கு இங்கே கிடைப்பது கொஞ்ச நஞ்சமில்லை: சோயாக் கட்டியில் பத்து வகை, காளான் வகைகள், பௌத்த சைவத்துக்கென்று செய்த போலி இறைச்சி. அதே கடையில் பொறியும் உண்டு. கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாறோ கூனி இறாலோ சேர்ந்திருக்கும். மரக்கறிப் படம் போட்ட நூடில்ஸ் தூளில் மீன் இருக்கலாம். சிப்பிச் சாறுக்குப் பதிலாகக் காளானில் செய்த சைவச் சாறு தனியாக இருக்கிறது. பின்பக்க எழுத்தைப் படிக்காமல் எதையும் பெட்டிக்குள் போடாதீர்கள். ஹலால் இறைச்சி வேண்டுகிறவர்கள் இறைச்சிப் பக்கத்தை விட்டுவிட்டு ஹலால் கடைக்கே போவது நிம்மதி.

## தமிழ்க் கடை

மார்க்கம் வீதி, எக்லின்டன், எல்ஸ்மியர், மோர்னிங்சைட் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பிளாசாவில் ஒன்று இருக்கும்.

இங்கே வாங்க வேண்டியதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சிவப்புப் பச்சையரிசி, சம்பா, வறுத்த சிவப்பரிசி மா, யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள், ஒடியல் மா, கருவாடு, துருவி உறைய வைத்த தேங்காய்ப்பூ, கறிவேப்பிலை, முருங்கைக்காய், வல்லாரை, பொன்னாங்காணி. எலும்போடு சின்னச் சின்னத் துண்டாக வெட்டின ஆட்டிறைச்சி. மின்வாளில் கிர்ரென்று அறுத்துத் தருகிற உறைந்த அறக்குளா. பெரிய சுப்பர்மார்க்கெட்டில் ஆட்டிறைச்சி கேட்டால் காகிதம் மாதிரிச் சீவின செம்மறியைக் காட்டுவார்கள். அது கொதிக்கிற சூப்பில் தோய்த்துச் சாப்பிடுவதற்கு. எங்கள் பிரட்டலுக்கு உதவாது.

விலைச்சீட்டில் தெரியாத இலாபம் ஒன்று இங்கே உண்டு. “அண்ணை, முருங்கைக்காய் எப்ப வந்தது?” என்று கேட்டால், “அது போன கிழமையான், விடுங்கோ. வெள்ளிக்கிழமை புதுசு வரும்” என்று சொல்கிற மனிதர் நிற்பார். எல்லாக் கடையிலும் இல்லை, ஆனால் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால் அவரை விடாதீர்கள். விமானத்தில் வருகிற கீரையும் காயும் எந்த நாள் வருகிறது என்று கேட்டு, அந்த நாளைக்கே போங்கள். மூன்றாம் நாள் போனால் வல்லாரை மஞ்சளாகிக் கிடக்கும், விலை மட்டும் அப்படியே இருக்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். விலை ஒட்டாத சாமான் கவுண்டருக்கு வந்த பிறகுதான் விலை தெரியும், அப்போது பின்னால் நாலு பேர் நிற்பார்கள், “வேண்டாம்” என்று சொல்ல வாய் வராது. மெதுவாக விற்கிற சாமானில் திகதியைப் பாருங்கள், முக்கியமாக மாவும் தூளும். ஒருமுறை ஒரு கடையில் வாங்கின மாப் பையை வீட்டில் திறந்தபோது வண்டு ஓடியது. திருப்பிக் கொண்டுபோனால் “பில் இருக்கோ?” என்றார்கள். பில்லை நான் பையோடு எறிந்துவிட்டேன். அன்றிலிருந்து தமிழ்க் கடைப் பில் எல்லாம் ஒரு கிழமைக்கு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும்.

அப்புறம், கவுண்டருக்குப் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டி. மீன் ரோல்ஸ், மரக்கறி றொட்டி, வடை. சாமானுக்கு 40 டொலர் என்று போய் 55க்கு வெளியே வருவது இதனால்தான். தெரிந்தவரைக் கண்டால் அரை மணித்தியாலக் கதை வேறு, அதை நான் செலவில் சேர்ப்பதா வரவில் சேர்ப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இருந்தும் ஒன்று: இங்கே கடை சிறிது. பட்டியலோடு போனால் இருபது நிமிடத்தில் வெளியே வரலாம். பெரிய சுப்பர்மார்க்கெட்டில் கங்குனுக்கும் மீனுக்கும் நடுவில் எட்டு வரிசை பிஸ்கட் இருக்கிறது.

## நோ ஃபிரில்ஸ் வகை மலிவுக் கடை

முதலாவது நோ ஃபிரில்ஸ் 1978இல் கிழக்கு யோர்க்கில் திறந்தது. அலங்காரமில்லாத கடை, மலிவு விலை என்பதுதான் அதன் எண்ணம், இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை. பால், முட்டை, பாண், வெண்ணெய், தயிர், வெங்காயம், உருளைக்கிழங்கு, கோழி, குழந்தையின் டயப்பர். இவற்றுக்கு வேறெங்கும் போகத் தேவையில்லை. மூன்று பை சேர்ந்த 4 லீற்றர் பாலை ஆசியக் கடையில் வாங்கிச் சுமந்து வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கை உளையும்.

துண்டுப்பிரசுர விலை வியாழன் தொடங்கி அடுத்த புதனோடு முடியும். வேறு கடையின் பிரசுர விலையைக் காட்டினால் அதே விலைக்குத் தருகிற வழக்கம் இந்த வகைக் கடைகளில் உண்டு. அதே பிராண்ட், அதே அளவாக இருக்க வேண்டும். எந்தெந்தக் கடையின் பிரசுரத்தை ஏற்பார்கள் என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். “இரண்டு எடுத்தால் இவ்வளவு” என்று போட்டிருந்தால் ஒன்றின் விலையையும் பாருங்கள். சிலவேளை ஒன்றை மட்டும் எடுத்தால் பாதி விலையைவிடக் கூடவாக இருக்கும்.

பெரிய சங்கிலிக் கடைகள் பல சேர்ந்திருக்கிற ஒரு ஒழுங்குவிதி 2002 முதல் இருக்கிறது. பார்கோடு உள்ள சாமான் தட்டில் போட்டிருக்கும் விலையைவிடக் கவுண்டரில் கூடவாக விழுந்தால், சின்ன விலைச் சாமான் என்றால் அதை இலவசமாகத் தர வேண்டும். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது, தெரிந்தவர்களும் கேட்கக் கூச்சப்படுவார்கள்.

கொஸ்கோவைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். வருடத்துக்கு 65 டொலர் அங்கத்துவம், மாதக் கணக்கில் 5.42. டயப்பரும் எண்ணெயும் பாஸ்மதியும் பெரிய அளவில் வேண்டிய, வைக்க இடமுள்ள வீட்டுக்குச் சரி. பேஸ்மென்டில் இரண்டு பேருக்கு நான் சொல்லமாட்டேன்.

## ஒரு பார்வையில்

| | ஆசிய சுப்பர்மார்க்கெட் | தமிழ்க் கடை | மலிவுக் கடை |
|---|---|---|---|
| எதற்குப் போவது | பச்சை மீன், நண்டு, கணவாய், கங்குன், சோயாக் கட்டி | அரிசி, தூள், தேங்காய்ப்பூ, ஆட்டிறைச்சி, ஊர்க் கீரை | பால், முட்டை, பாண், வெங்காயம், டயப்பர் |
| எதற்குப் போகக் கூடாது | ஆட்டிறைச்சி, கறுவா, பாகற்காய் | பால், டயப்பர் | மீன், கீரை |
| நல்ல நேரம் | கிழமை நாள் காலை | புதுச் சாமான் இறங்குகிற நாள் | வியாழனுக்குப் பிறகு எப்போதும் |
| மறைந்த செலவு | சூடான சாப்பாடு, பார்க்கிங், மீன் கழிவு நிறை | விலை ஒட்டாத சாமான், பழைய திகதி, ரோல்ஸ் | “இரண்டு எடுத்தால்” விலை |
| எடுக்கும் நேரம் | ஒன்று முதல் ஒன்றரை மணித்தியாலம் | இருபது நிமிடம், கதை இல்லாவிட்டால் | அரை மணித்தியாலம் |

## யாருக்கு எது

எழுதின வாசகிக்கு முதலில். கார் உங்களிடம் இல்லாத கிழமை நாளில் பெரிய சுப்பர்மார்க்கெட்டுக்குக் குழந்தையோடு போகாதீர்கள். நடக்கிற தூரத்தில் இருக்கும் தமிழ்க் கடையை அடிப்படையாக வையுங்கள். பாலும் டயப்பரும் கணவர் வேலை முடிந்து வருகிற வழியில் மலிவுக் கடையில் எடுக்கட்டும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை அவர் லீவு நாளில் காலை பத்து மணிக்கு முதல் இருவருமாக ரி அன்ட் ரிக்குப் போய் மீனை மட்டும் வாங்குங்கள். அங்கேயே துண்டு போட்டு, வீட்டில் கழுவி, ஒரு கறிக்கு ஒரு பை என்று பிரித்து ஃபிரீசரில் வையுங்கள். ஒரே கடை என்று நீங்கள் கேட்டதற்கு இது பதில் இல்லைதான். ஆனால் பெரிய சுப்பர்மார்க்கெட் ஒன்றையே நம்பினால் பிட்டு மாவுக்கும் ஆட்டுக்கும் எப்படியும் தமிழ்க் கடைக்கு ஓடுவீர்கள். தமிழ்க் கடை ஒன்றையே நம்பினால் பச்சை மீனை மறந்துவிடுவீர்கள்.

மாணவப் பிள்ளைகளே, உங்களுக்குக் கார் இல்லை, சமைக்க நேரமில்லை, காசுமில்லை. பஸ்ஸில் பிரெஸ்ரோ பயண அட்டையைத் தட்டினால் 3.30 டொலர், இரண்டு மணித்தியாலத்துக்குள் ஏறி இறங்கலாம். ஃபிஞ்சில் 39ஆம் இலக்க பஸ், மக்கவனில் 129. போய், வாங்கி, இரண்டு மணித்தியாலத்துக்குள் திரும்பி ஏறினால் ஒரே கட்டணம். அந்த நேரக் கட்டுப்பாடே உங்களை பிஸ்கட் வரிசையிலிருந்து காப்பாற்றும். நாலு பேர் ஒரு வீட்டில் இருக்கிறீர்கள் என்றால் பெரிய மூட்டை மல்லிகை அரிசியைச் சேர்ந்து வாங்கிப் பங்கு போடுங்கள். சீனக் கடையில் அரிசி மலிவு விலையில் அடிக்கடி வரும். ஊர் அரிசிதான் இறங்கும் என்று சொல்கிற ஆள் ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் இருப்பார், அவர் தன் பையைத் தானே வாங்கட்டும்.

அம்மாவைக் கூப்பிட்டு வைத்திருக்கிறவருக்கு: விலையைப் பார்க்காதீர்கள், கிழமையில் ஒருநாள் அம்மாவைத் தமிழ்க் கடைக்குக் கூட்டிப் போங்கள். அந்த அரை மணித்தியாலக் கதையை அவர் வரவில் எழுதுவார். ஒருமுறை ரி அன்ட் ரியின் மீன் தொட்டிக்கு முன்னாலும் கொண்டுபோய் நிறுத்துங்கள். என் அம்மா முதல் நாள் அங்கே நின்று, “இது உயிரோட கிடக்கே, பாவம்” என்றார். இரண்டு நிமிடம் கழித்து, “அந்தப் பெரிசைக் கேள்” என்றார்.

சைவ வீட்டுக்குப் பெரிய சுப்பர்மார்க்கெட் மாதத்துக்கு ஒருமுறை போதும். சோயாக் கட்டிக்கும் காளானுக்கும் போங்கள், மற்ற எல்லாம் தமிழ்க் கடையிலேயே இருக்கிறது.

கூழ் காய்ச்சுகிற நாளைக்கு மட்டும் இந்தக் கணக்கு எதுவும் சரிவராது. ஒடியல் மா, பலாக்கொட்டை, செத்தல் மிளகாய், உறைந்த மரவள்ளி தமிழ்க் கடையில். நண்டு, இறால், கணவாய், மீன் தலை, பயத்தங்காய் ரி அன்ட் ரியில். முதல் தமிழ்க் கடைக்குப் போங்கள், மீனைக் கடைசியாக வாங்குங்கள், காரில் ஒரு பனிப்பெட்டி இருக்கட்டும். நண்டை உயிரோடு வாங்கினால் பையை இறுக்கிக் கட்ட வேண்டாம், ஆனால் பின் சீற்றில் பிள்ளைகளுக்குப் பக்கத்திலும் வைக்க வேண்டாம். புறப்பட முதல் அலுமாரியைத் திறந்து பழப்புளி இருக்கிறதா என்று பாருங்கள். போன வருடம் நான் பார்க்கவில்லை. நண்டு சட்டிக்குள் கொதிக்க, என் கணவர் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு மூன்றாம் தரம் கடைக்குப் போனார்.